கண்ணைக் கொடுத்தவர்கள் மூளையையும் கொடுப்பார்கள்

தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், 20 மைக்ரான் சீவல். அவ்வளவு மெல்லியதாக மனித மூளையை முழுசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் படியவைத்து, சாயமேற்றி, செல் செல்லாகத் தெரியும்படி படமெடுக்கும் வேலை நம் சென்னையில், ஐஐடி வளாகத்துக்குள் நடக்கிறது. அங்குள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022-ல் தொடங்கியது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன், தான் படித்த இடத்துக்குக் கொடுத்த கொடை அது.

2024 டிசம்பரில் இம்மையம் ‘தரணி’ என்ற பெயரில், 14 முதல் 24 வாரம் வரை வளர்ந்த கருக்களின் மூளைப் படங்களை வெளியிட்டது. மொத்தம் 5,132 சீவல்கள். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். பொறியாளர்கள் மட்டும் உட்கார்ந்து இதைச் செய்திருக்க முடியாது. சென்னை மெடிஸ்கேன், சவீதா மருத்துவமனை மருத்துவர்கள் கைகோத்தார்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ருமேனியா, தென்னாப்பிரிக்கா ஆய்வாளர்களும் சேர்ந்தார்கள். மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், இந்தக் கூட்டணியில் இன்னும் பரவலாகச் சேராத ஒரு தரப்பு இருக்கிறது: பொதுமக்கள். எத்தனை கோடி ரூபாய்க்குக் கருவி வாங்கினாலும், கத்திக்குக் கீழே வைக்க ஒரு குடும்பம் மனமுவந்து கொடுத்த மூளை வேண்டும்.

அப்படிக் கொடுத்த ஒருவரின் கதை இது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல் வலிப்புநோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்கு ஒத்துழைத்தார். மூளையைக் கொடுக்கவும் சம்மதித்தார். 2008-ல் அவர் இறந்தார். மறு ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோவில் 53 மணி நேரம் தொடர்ந்து அந்த மூளையை 2,401 சீவல்களாக எடுத்தார்கள். நினைவாற்றல் பற்றி உலகம் இன்று அறிந்ததில் பெரும்பங்கு அந்த ஒரு மனிதர் தந்தது.

நம்மிடம் அத்தகைய மனசு இல்லையா? 2008-ல் சாலை விபத்தில் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர், தங்கள் துக்கத்துக்கு நடுவே மகனின் உறுப்புகளைக் கொடுத்ததை மறக்க முடியுமா? உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023-ல் தமிழக அரசு அறிவித்தது. சாவு வீட்டுக்கே டாக்டர் வந்து கண்ணை எடுத்துச் செல்வது நம் ஊர்களில் பழகிப்போன காட்சி. மூளை தானம் மட்டும் ஏன் வழக்கத்துக்கு வரவில்லை? யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் 1995 முதல் மூளை வங்கி நடத்துகிறது. இங்கே மறதி நோயில் தாயைப் பறிகொடுக்கும் மகள், ‘இந்த மூளையை ஆராய்ந்து இன்னொரு தாயையாவது காப்பாற்றுங்கள்’ என்று சொல்ல நினைத்தால் எந்தக் கதவைத் தட்டுவாள்?

எனவே, சுகாதாரத் துறை உடனே களமிறங்க வேண்டும். சென்னை, மதுரை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென ஒரு குழு, இரவு பகல் எந்நேரமும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் மூளை ஆய்வுக்கு நன்கு பயன்படும்; மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சம்மதப் படிவம் எளிய தமிழில் இருக்கட்டும். தலையின் பின்பக்கமாகத் திறந்து தைத்துவிடுவார்கள், முகம் அப்படியே இருக்கும் என்பதை அதில் எழுதுங்கள். முகம் சிதைந்துவிடுமோ என்பதுதான் உறவினருக்கு முதலில் எழும் அச்சம். கொடுத்தவர் பெயர் வெளியே வராது என்ற உறுதியும், அந்த மூளையிலிருந்து கிடைக்கும் படங்கள் ‘தரணி’ போலவே எல்லோருக்கும் இலவசம் என்ற உறுதியும் வேண்டும். ஏழையின் வீட்டில் வாங்கியதை விலைக்கு விற்கும் நிலை வரவே கூடாது.

தனியொருவர் கொடை தொடங்கி வைத்ததை அரசாணை ஒன்று ஊர்தோறும் கொண்டுசேர்க்கும். இந்த ஆண்டு முடிவதற்குள் அதைப் பிறப்பிக்குமாறு முதல்வரைக் கேட்டுக்கொள்கிறோம்.