பழைய காசோடு கடைக்குப் போனவர்

மகன் ஓதப் போகிற மத்ரஸாவின் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரே வாதம். பிள்ளைகள் யூரியூப்பில் 'சூப்பர்புக்' கார்ட்டூன் பார்க்கிறார்கள், உடனே நிறுத்த வேண்டும் என்று ஒருவர் எழுதினார். ஆமோதித்தவர்களும் உண்டு, "கார்ட்டூன்தானே" என்றவர்களும் உண்டு. "நீங்க ரீச்சர்தானே, சொல்லுங்க" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். அங்கே எழுத இடம் போதாது, இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஜப்பானின் தட்சுனோகோ ஸ்டூடியோவும் அமெரிக்காவின் கிறிஸ்தவ ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎன்னும் சேர்ந்து 1981இல் தொடங்கிய தொடர் இது. 2011இல் இருந்து முப்பரிமாணத்தில் புதிதாக வருகிறது, தமிழிலும் கிடைக்கிறது. கிறிஸ் என்ற பையன், ஜோய் என்ற பெண்பிள்ளை, கிஸ்மோ என்ற ரோபோ. வீட்டிலோ பள்ளியிலோ ஒரு சிக்கல் வரும். உடனே ஒரு புத்தகம் மூவரையும் பைபிள் காலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அவர்களுக்கு மோசே, எங்களுக்கு மூஸா நபி. கடல் பிளக்கிற இடத்தில் இந்தப் பிள்ளைகளும் நிற்பார்கள்.

நபிமாருக்கு முகமும் குரலும் கொடுத்துக் காட்டுவதை நாங்கள் ஏற்பதில்லை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் மகனுக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. ஆனால் என் வகுப்புக் கிறிஸ்தவப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பாடப் புத்தகத்தில் எகிப்து என்றால் கொட்டாவி விடுகிற பிள்ளை, அங்கே செங்கல் சுமந்த ஆட்களுக்கு என்ன சாப்பாடு கொடுத்தார்கள் என்று கேட்கிறது. தன் வயதுப் பிள்ளை ஒன்று அந்தக் கூட்டத்துக்குள் நின்றதுதான் காரணம்.

தடுக்கிறோம், சரி. பதிலுக்குப் பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கப் போகிறோம்?

காலத்தைத் தாண்டிப் போகிற கதை அவர்களுக்கு மட்டும் சொந்தமானதில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஓதுகிற சூரத்துல் கஹ்ஃபில் என்ன இருக்கிறது? குகையில் தூங்கிய இளைஞர்கள் 309 வருடம் கழித்து எழும்புகிறார்கள். ஒரு நாளோ அரை நாளோ தூங்கினோம் என்று நினைத்து, வெள்ளிக் காசோடு ஒருவரைச் சாப்பாடு வாங்க அனுப்புகிறார்கள். அந்தப் பழைய காசுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது என்று தஃப்ஸீர்களில் சொல்வார்கள். கிறிஸ்தவர்களிடமும் எபேசு நகரத்து ஏழு பேர் என்று இதே கதை இருக்கிறது.

சூப்பர்புக்கில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. கிறிஸ் அரை மணித்தியாலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவான். வீடு அப்படியே இருக்கும், பிரச்சினையும் தீர்ந்திருக்கும். குகையில் இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. திரும்பி வந்தால் ஊர் அவர்களை அறியாது.

இதை யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30இல், இரண்டு மணித்தியால அவகாசத்தில் எங்களை ஊரைவிட்டு அனுப்பியபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேன். வளர்ந்தது புத்தளத்தில். 2002 சமாதானத்துக்குப் பிறகு வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். சோனகத் தெருவுக்குக் கிட்ட ஒரு கடையில், தன் கூட்டாளியின் தையல் கடை எங்கே என்று பழைய பெயரைச் சொல்லிக் கேட்டார். கடையில் நின்ற பொடியனுக்கு என் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் கேட்டான்: "ஐயா, முந்தி இங்க முஸ்லிம் ஆக்கள் இருந்தவையோ?"

வாப்பா சிரித்தார். புத்தளம் வரும் வரைக்கும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

பொடியனில் பிழை இல்லை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று என் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கும் தெரியாது. எங்கட பிள்ளைகளுக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

எனக்கு ஒரு புத்தகம் வேண்டும். அதில் ஒரு முஸ்லிம் பிள்ளையும் பக்கத்துக் கதிரையில் இருக்கிற தமிழ்ப் பிள்ளையும் பள்ளியின் பழைய இடாப்பைத் திறந்து, அந்த ஒக்டோபர் நாளில் சோனகத் தெருவில் போய் நிற்க வேண்டும். எதையும் தடுக்க முடியாது. பார்க்கலாம். கதவைப் பூட்டியவர், திறப்பைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்தவர், அழுதவர், பார்க்காத மாதிரி நின்றவர், எல்லாரையும். (சூப்பர்புக் தொடங்கிய அதே 1981இல்தான் எங்கட பொது நூலகமும் எரிந்தது. அங்கேயும் ஒரு பயணம் போகலாம்.) இதற்கு எந்த நபியையும் வரையத் தேவையில்லை. உம்மும்மாமாரும் ஆச்சிமாரும் போதும்.

இரண்டு அத்தியாயம் எழுதிவிட்டேன். மூன்றாவதில் நிற்கிறேன். திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைகளின் கையில் என்ன இருக்கும்? அன்றைக்கு உங்கட வீட்டில் எதை எடுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று கீழே எழுதுங்க. சின்னப் பொருளாக இருந்தாலும் பரவாயில்லை.