கடைசி நடைக்கு யார் பொறுப்பு?

ஜவுளிக்கடை வேலை முடிந்து இரவு எட்டரை மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு ஓடி வரும் பெண்களுக்கு ஒரே கவலைதான்: கடைசி மினி பஸ் வருமா? நாலு பேர்தான் நிற்கிறார்கள் என்றால் அந்த நடை பல ஊர்களில் ‘கட்’ ஆகிவிடுகிறது. பிறகு ஷேர் ஆட்டோதான் கதி. மூன்று பேருக்கு பர்மிட் உள்ள வண்டியில், ஓட்டுநருக்கு இருபுறமும் ஆளை உட்காரவைத்து, எட்டுப் பேர் சேர்ந்த பிறகுதான் அது கிளம்பும்.

1997-ல் மினி பஸ் திட்டம் வந்தபோது கிராமங்களுக்கு அது பெரிய விடிவு. பெரிய பஸ் நுழையாத சாலைகளில் பள்ளிப் பிள்ளைகளும், சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகிறவர்களும் ஏறினார்கள். டீசல் விலை ஏற ஏற, கலெக்‌ஷன் கட்டுப்படியாகாமல் பல தடங்களில் வண்டிகள் நின்றுபோயின. 2025 ஜூனில் தஞ்சாவூரில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த புதிய திட்டத்தில் ஒரு தடம் 25 கி.மீ. வரை போகலாம், அதில் குறைந்தது 65 சதவிகிதம், இதுவரை பஸ் போகாத பகுதியாக இருக்க வேண்டும். வசூல் கொழிக்கும் மெயின் ரோட்டிலேயே வண்டிகள் சுற்றுவதைத் தடுக்கும் நல்ல விதி இது.

ஆனால், தூரத்துக்கு இருக்கும் இந்தக் கண்டிப்பு நேரத்துக்கு இல்லை. பர்மிட்டோடு நேரப்பட்டியலும் உண்டு. அதை நிறுத்தத்தில் ஒட்டினால்தானே, வராத வண்டியைப் பற்றி ஒருவர் புகாராவது சொல்ல முடியும்? இன்னொன்று. 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். தனியார் ஓட்டும் மினி பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். மினி பஸ் மட்டுமே வரும் ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அந்தச் சலுகை எட்டவே இல்லை. இது அநியாயம்.

பஸ் முதலாளியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நாலு டிக்கெட்டில் டீசல் காசுகூடத் தேறாது. அந்தக் கடைசி நடையின் நஷ்டத்தை அரசுதான் ஏற்க வேண்டும். அதுவும் முடியாத தடங்களில், கூப்பிட்டால் வரும் வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். ஜெர்மனியின் கிராமப்புறங்களில் முன்கூட்டியே போன் செய்தால் வரும் பஸ்கள் வெகுகாலமாக ஓடுகின்றன. நமக்கும் இது புதிதல்ல. ஒரு எண்ணை அழுத்தினால் குக்கிராமத்துக்கும் வண்டி வரும் என்பதை 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் காட்டிவருகிறது.

ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களை மடக்கி அபராதம் போட்டுக்கொண்டே இருப்பதைவிட, விருப்பமுள்ளவர்களைப் பதிவுசெய்து, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு நடைக்கு இவ்வளவு என்று அரசே கொடுக்கலாம். பயணிகளிடம் பஸ் கட்டணம் மட்டும் வாங்கட்டும். மூன்று பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. மாவட்டத்துக்கு ஒரு வட்டத்தில் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். போக்குவரத்துத் துறை மனது வைத்தால், வரும் பொங்கலுக்குள் தொடங்கிவிட முடியும்.