பொறியின் கண்ணும் மருத்துவர் கண்ணும்

நோய் தலைகாட்டுமுன் அதனை அறிதல் கூடுமோ என்னும் வினா மருத்துவ உலகில் நெடுநாளையது. 1913-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன் என்பார், அறுத்தெடுக்கப்பட்ட ஏறக்குறைய 3,000 மார்பகங்களை எக்ஸ் கதிர்களாற் படம்பிடித்து ஆராய்ந்தார். புற்றுநோய் பரவும் வகையும், சிலவற்றில் மணல் தூவினாற்போன்ற நுண்புள்ளிகளும் அப்படங்களிற் புலனாயின. கைக்கு எட்டாத கட்டியையும் நிழல் காட்டிக்கொடுக்கும் என்னும் நம்பிக்கைக்கு அவ்வாராய்ச்சியே வித்தாயிற்று. அவ்வித்தின் வழிவந்ததே இந்நாளில் மேமோகிராம் என வழங்கும் படம்.

சுவீடன் நாட்டில் 40 முதல் 74 வயது வரையுள்ள பெண்டிர் குறித்த கால இடையீட்டில் இப்படம் எடுத்துக்கொள்ளுமாறு அழைக்கப்படுகின்றனர். ஒவ்வொரு படத்தையும் மருத்துவர் இருவர் தனித்தனியே பார்த்தல் அங்குள்ள வழக்கு. ஆயிரம் பெண்டிருள் நோய் காணப்படுவோர் ஐந்தாறு பேரே. நோயற்ற படங்களையே நாள்முழுதும் நோக்கிய கண், நோயுள்ளது வருங்கால் சோர்ந்திருத்தல் இயல்பன்றோ?

இக்குறையை நீக்க வழியுண்டோ என ஆராயப் புகுந்தார் லுண்ட் பல்கலைக்கழகத்துக் கதிர்ப்பட ஆராய்ச்சியாளர் கிறிஸ்டினா லோங் அம்மையார். 2021 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரை, ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட பெண்டிர் இரு கூறாக வகுக்கப்பட்டனர். ஒரு கூற்றாரின் படங்களைப் பழைய முறைப்படி இருவர் பார்த்தனர். மற்றவற்றைச் செயற்கை நுண்ணறிவுப் பொறி முதற்கண் ஆராய்ந்து, ஐயத்தின் அளவுக்கேற்ப 1 முதல் 10 வரை எண்ணிட்டது. பத்தாம் எண் பெற்றவற்றை மருத்துவர் இருவரும், ஏனையவற்றை ஒருவரும் பார்த்தனர். 2025-இல் வெளிவந்த முடிவின்படி, ஆயிரவருள் நோய் கண்டறியப்பட்டோர் பழைய முறையில் 5.0, புதிய முறையில் 6.4. படம் பார்க்கும் வேலையோ 44 விழுக்காடு குறைந்தது.

இதுகேட்டு, 'இனி மருத்துவர் எதற்கு?' என்பாரும் உளர். 'உயிரைப் பொறியிடம் ஒப்புவிப்பதோ?' என அஞ்சுவாரும் உளர். இருசாராரோடும் யாம் உடன்படேம்.

அஞ்சுவார்க்கு எம் விடை இது: பொறி பிழைபடும் என்பது மெய்யே, ஆயின் மனிதக் கண்ணும் பிழைபடும். அயராத துணை ஒன்று அருகிருக்க, அதனை விலக்கி ஒரு தாயின் நோயைக் காணாது விடுதல் அறமாகாது.

மருத்துவர் வேண்டா என்பாரோ இரண்டு உண்மைகளை மறந்தனர். கண்டறியப்படும் கட்டிகளுட் சில, ஆயுள்முழுதும் வளராது கிடந்து தீங்கு செய்யாதன. அவற்றுக்கும் அறுவையும் கதிர்ச்சிகிச்சையும் செய்யின், நலமாயிருந்தவளை நாமே நோயாளியாக்கியவராவோம். ஆதலின் கண்டறிந்த தொகை மிகுவது மட்டும் வெற்றியாகாது. ஒரு சோதனைக்கும் மறு சோதனைக்கும் இடையே தாமே வெளிப்படும் புற்றுநோய்கள் எத்துணை என்பதையே லோங் அம்மையார் குழுவினர் தம் ஆராய்ச்சியின் முதன்மை அளவுகோலாகக் கொண்டனர். அது பெரிதும் பாராட்டற்குரியது.

மற்றொன்று, பழகாத கண் மங்கும் என்பது. போலந்து நாட்டில் பெருங்குடலைக் குழாய்க் கருவியால் நோக்கும் மருத்துவர் சிலர், பொறியின் துணைக்குப் பழகியபின் அஃது இல்லாமல் செய்த சோதனைகளில், புற்றாக மாறக்கூடிய தசைத்திரட்சிகளைக் கண்டறிந்த விகிதம் 28 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைந்தது என 2025-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகின்றது. ஊன்றுகோலை ஓயாது பற்றியவன் கால்வலி இழத்தல் போலும் இது.

ஆகவே யாம் வேண்டுவன இரண்டு. பயிலும் இளமருத்துவர், பொறியின் விடையைத் திறக்குமுன் தம் விடையை எழுதிவைத்தல் வேண்டும். நோய் உண்டு என்னும் சொல்லை, அதற்குப் பொறுப்பேற்கும் ஒரு மனிதரே வாய்திறந்து சொல்லுதல் வேண்டும். நோயாளியின் நிலை, பிணியின் அளவு, காலம் என்னும் மூன்றையும் ஆராய்ந்து செய்க என மருத்துவனுக்கு வகுத்தார் வள்ளுவர். படத்திலுள்ள புள்ளியைப் பொறி அறியும். அப்புள்ளியை உடையவள் யாவள், அவளுக்கு இப்பொழுது செய்யத்தக்கது யாது என்பவற்றை ஓர்ந்து துணிதல் மருத்துவர் கடனேயாம்.