அண்டைவீட்டார் இசைவு ஏன்?

கலிபோர்னியாவில் வீட்டுமனைக்குள்ளேயே சமையலறையும் குளியலறையும் தனி வாசலும் கொண்ட சிறு வீட்டை, அதாவது துணைக் குடியிருப்பைக் கட்ட வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அக்கம்பக்கத்தாரைக் கேட்டே நகராட்சி முடிவு செய்ய வேண்டும், இல்லையேல் தெருவில் வண்டி நிறுத்த இடமிராது என்பது பரவலான வாதம்.

இந்த வாதத்தை இரண்டு காரணங்களால் நான் ஏற்கவில்லை. முதலாவது, நில வகைப்பாட்டு விதி என்பது எங்கே எதைக் கட்டலாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. அதற்கு முற்றிலும் உட்பட்ட வரைபடத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் தடுக்கலாமெனில் விதி எதற்கு? 2003 முதலே மாநிலச் சட்டம், பொதுவிசாரணையின்றி, விதியோடு ஒப்பிட்டு மட்டும் அனுமதி வழங்கச் சொல்கிறது. ஆயினும் பல நகராட்சிகள் நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போயின. 2020இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் 60 நாள் கெடு விதித்து, பக்க, பின்புற எல்லைகளில் 4 அடிக்கு மேல் இடைவெளி கேட்பதையும் தடுத்தன.

இரண்டாவது, வண்டி. பொதுப் போக்குவரத்துக்கு அரை மைல் நடைதூரத்தில் அமையும் துணைக் குடியிருப்புக்குத் தனி நிறுத்துமிடம் கேட்கவே கூடாது. அது போகட்டும், அதே வீட்டு மகன் மூன்றாவது கார் வாங்கும்போது யாரும் விசாரணை கோருவதில்லையே? கார் கொட்டகை வீடானால் வண்டிகள் தெருவுக்கு வந்துவிடும் என்போர், பழைய சாமான் அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்டதால் கார் நுழையவே முடியாத கொட்டகைகளை எந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள்?