குறுக்கே பாயுற குட்டி விண்டோ!

60 பேரோட இன்டர்னல் மார்க்கை டைப் பண்ணுற வேலையை உங்க தலையில கட்டிட்டாங்களா? ஆட்டோஇட்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட விட்டுட்டு கேன்டீனுக்குக் கிளம்பிடலாம். ஆனா நடுவுல, 'இப்பவே ரீஸ்டார்ட் பண்ணவா?'னு ஒரு பாப்-அப் குதிச்சா? ஸ்கிரிப்டுக்குக் கண் கிடையாது பாஸ்! அது தட்டுற என்டர் நேரா 'யெஸ்' மேல விழுந்தா, சேவ் ஆகாத மார்க்கெல்லாம் அம்பேல்.

'எது வந்தாலும் யெஸ்'னு எழுதி வைக்கிறது அதைவிட டேஞ்சர். எக்ஸெல்லையே பாருங்க. இருக்குற ஃபைல் பேர்லயே 'சேவ் அஸ்' கொடுத்தா, 'ரீப்ளேஸ் பண்ணவா?'னு கேட்கும். அதோட டீஃபால்ட் 'நோ'. மேக்ரோவுல டிஸ்ப்ளேஅலர்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கிட்டா, கேள்வியே வராது. தானே 'யெஸ்' சொல்லிக்கிட்டு பழைய ஃபைல் மேலேயே எழுதிடும்!

சரி, வழி என்ன? டைப் பண்ண 'சென்ட்' வேணாம், கன்ட்ரோல்செட்டெக்ஸ்ட் போடுங்க. மார்க் நீங்க குறிச்ச கட்டத்துக்கே போகும். கூடவே அட்லிப்ரெஜிஸ்டர்னு ஒரு வாட்ச்மேன். நீங்க எழுதின ஃபங்ஷனை 250 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை கூப்பிடும். வந்திருக்குற விண்டோவோட டைட்டிலை அதுல செக் பண்ணுங்க. தெரிஞ்ச பாப்-அப்னா, கன்ட்ரோல்கிளிக் சரியான பட்டனை மட்டும் அமுக்கட்டும். தெரியாததுன்னா, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு அப்படியே நின்னுடட்டும்.

நின்னுபோன ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டிக்கலாம். அழிஞ்சுபோன மார்க்குக்கு யாருங்க பதில் சொல்றது?