நூற்றுக்கு நூறு: வெளியே தள்ளியது எத்தனை பேரை?

மே மாதம் வந்தால் நகரத்துப் பேருந்து நிலையங்களில் பையன்களின் முகங்கள் முளைத்துவிடுகின்றன. ஃபிளக்ஸ் பலகையில் மூன்று வரிசை முகங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மதிப்பெண். தலைமாட்டில் கொட்டை எழுத்தில் 'நூறு சதவீதத் தேர்ச்சி'. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் பழக்கத்தை அரசு 2017இல் கைவிட்டது. ஃபிளக்ஸ்காரர்கள் கைவிடவில்லை. 'படிச்சா இந்த மாதிரி பள்ளிக்கூடத்துல படிக்கணும்டா' என்ற பேச்சு ஊரிலும் உண்டு, சேரியிலும் உண்டு.

அந்தப் பலகையில் இல்லாத எண்ணைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத மிஞ்சியவர்கள் எத்தனை பேர்? நடுவில் காணாமல் போனவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

நான் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு வாத்தியார். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு நகரத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் 200 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது எழுதும்போது 130 பேர் இருக்கிறார்கள். 130 பேரும் பாஸ். நூறு சதவீதம். பக்கத்துச் சேரிப் பள்ளியில் 200 பேர் சேர்கிறார்கள், 200 பேரும் எழுதுகிறார்கள், 150 பேர் பாஸ். எழுபத்தைந்து சதவீதம். முதல் பள்ளிக்கு ஃபிளக்ஸ். இரண்டாவது பள்ளித் தலைமையாசிரியருக்கு 'தேர்ச்சி ஏன் குறைந்தது?' என்று மெமோ. உள்ளே வந்த பிள்ளைகளில் 150 பேரைக் கரையேற்றியவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். 130 பேரைக் கரையேற்றியவன் மாலை போட்டுக்கொள்கிறான். சதவீதம் என்பது கீழே எந்த எண்ணை வைத்து வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, நமது 'கல்வியாளர்'களுக்கு மட்டும் மே மாதத்தில் மறந்துபோகிறது.

இந்தக் கழித்தல் எப்படி நடக்கிறது? முதல் சல்லடை ஆறாம் வகுப்பு வாசலில். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. ஆகவே இப்போது யாரும் 'நுழைவுத் தேர்வு' என்று சொல்வதில்லை. 'சும்மா ஒரு அரை மணி நேரம் பையன்கிட்ட பேசிப் பாக்குறோம்' என்கிறார்கள். அப்பா என்ன வேலை, அம்மா படிச்சவங்களா, வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கா, எந்தத் தெரு? தெருப் பேரைச் சொன்ன பிறகு வேறென்ன கேள்வி வேண்டியிருக்கிறது!

இரண்டாவது சல்லடை ஒன்பதாம் வகுப்பு. எட்டாவது வரை நிறுத்திவைக்க முடியாது. ஒன்பதில் முடியும். 'உங்க பையன் தேறமாட்டான், டி.சி. வாங்கிக்கிட்டு வேற எங்கயாவது சேத்துடுங்க. இல்லேன்னா ஃபெயில்னு போட்டுடுவோம்.' எழுதப் படிக்கத் தெரியாத தாய் கைநாட்டு வைக்கிறாள். காகிதத்தில் 'பெற்றோர் விருப்பத்தின்பேரில்' என்று இருக்கும். சில இடங்களில் இன்னும் நைச்சியம்: பையனைத் தனித்தேர்வராகக் கட்டணம் கட்டச் சொல்லிவிடுவார்கள். அவன் தோற்றாலும் பள்ளிக் கணக்கில் வராது.

மூன்றாவது சல்லடை பதினோராம் வகுப்பு. இதுதான் பெரிய சல்லடை. பத்தாவதில் 450க்கு மேல் எடுத்தவனை எங்கிருந்தாலும் தேடிப் பிடித்துச் சேர்ப்பது, சொந்தப் பள்ளியிலேயே ஐந்து வருடம் படித்தவனாக இருந்தாலும் குறைந்தவனைக் கழற்றிவிடுவது. சேர்த்தவர்களுக்கும் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருட்டின. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது அரசு. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய திருட்டுக்குப் பழைய வாசல் மறுபடி திறந்திருக்கிறது என்பதையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நான் கண்ணால் பார்த்தது. எங்கள் பகுதி நகரத்தில் ஓர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம், எல்லா நகரத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெரிய மனிதர்களின் கமிட்டி நடத்துகிறது. வாத்தியார் சம்பளம் அரசாங்கப் பணம். அதாவது நம் அப்பன் ஆத்தாள் தீப்பெட்டி வாங்கும்போதும் கட்டுகிற வரிப் பணம். 2019இல் என்னிடம் படித்து 412 மதிப்பெண் வாங்கிய ஒரு பையனையும் அவன் அம்மாவையும் அங்கே கூட்டிப்போனேன். அவனுக்கு முதல் குரூப் படிக்க ஆசை. ஆபீஸ் கிளார்க் மார்க் ஷீட்டைப் பார்த்தார், பிறகு டி.சி.யைப் பார்த்தார்.

'ஏ.டி. ஸ்கூலா சார்? நம்ம ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் குரூப்புக்கு 450 கட்-ஆஃப். பையன் கஷ்டப்படுவான். வொக்கேஷனல்ல போட்டு விடுங்க, கைத்தொழிலாவது கத்துக்குவான்.'

'இட ஒதுக்கீட்டுப்படி லிஸ்ட் ஒட்டியிருக்கீங்களா?' என்று கேட்டேன்.

'அதெல்லாம் காலேஜுக்கு சார்.'

அது காலேஜுக்கு மட்டுமல்ல. 69 சதவீத இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றும் 1994ஆம் ஆண்டின் 45ஆம் சட்டம், அரசு நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. நூறு இடத்தில் பட்டியல் சாதியினருக்குப் பதினெட்டு. அந்தப் பதினெட்டில் மூன்று, 2009 முதல், அருந்ததியருக்கு. பதினோராம் வகுப்பில் ஒவ்வொரு குரூப்பிலும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். நான் சட்டத்தைச் சொன்னேன். 'கரஸ்பாண்டென்ட் வந்ததும் கேட்டுச் சொல்றோம்' என்றார்கள். கரஸ்பாண்டென்ட் அட்மிஷன் முடியும்வரை வரவே இல்லை. வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டது: 'சாரு, மார்க்கு பத்தலையா, இல்ல நாம பத்தலையா?'

பையன் பதினான்கு கிலோமீட்டர் பஸ்ஸில் போய் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் அதே முதல் குரூப் படித்துத் தேறினான். 'கஷ்டப்படுவான்' என்ற ஜோசியம் பொய்த்தது. ஆனால் அவனோடு பத்தாவது படித்து, 'வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று வொக்கேஷனலில் போய் விழுந்தவர்களை யார் கணக்கில் எழுதுவது?

இது இன்று முளைத்ததல்ல. ரெட்டமலை சீனிவாசன் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் தான் படித்ததை எழுதியிருக்கிறார். சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மற்றப் பிள்ளைகளோடு பழகாமல், வெளியிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவார். பொதுப் பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்க்க ஊர் மறுத்ததால்தான் 1920ஐ ஒட்டிய வருடங்களில் லேபர் டிபார்ட்மெண்ட் தனிப் பள்ளிகளைத் திறக்க வேண்டி வந்தது. அந்த லேபர் ஸ்கூல்களின் வாரிசுதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். அன்று 'உள்ளே வராதே' என்றார்கள். இன்று '450 எடுத்தால் வா' என்கிறார்கள். 450 எடுக்கத் தேவையான டியூஷனும் மேசை விளக்கும் பசியில்லாத காலையும் யாரிடம் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

'கட்-ஆஃப் வைக்காம எப்படி? இருக்கிறதே அறுபது சீட்டு' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விபோலத்தான் இருக்கிறது. கட்-ஆஃப் என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். அது அறிவின் அளவு அல்ல, சீட்டின் எண்ணிக்கை. நாம் சொன்னால் 'கோட்டாக்காரன் பேச்சு' என்பார்கள். வெள்ளைக்காரன் ஊர்ச் சாட்சியே இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், பதினோரு வயதில் பரீட்சை வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிகளில் பையன்களுக்கு சுமார் 540 இடம், பெண் பிள்ளைகளுக்கு 360 இடம். அவற்றில் பலவும் நம் ஊர் போலவே அரசு உதவி பெறும் பள்ளிகள்தான். இடம் குறைவாக இருந்ததால் பெண் பிள்ளைகள் கூடுதல் மார்க் வாங்கினால்தான் உள்ளே போக முடியும். ஒரே மார்க் வாங்கிய அண்ணன் 'திறமைசாலி', தங்கை 'தகுதி போதாதவள்'. இது பாகுபாடு என்று பிரபுக்கள் சபை 1989இல் தீர்ப்பளித்தது. அத்தனை காலமும் அந்தப் பையன்களில் எவனாவது 'நான் கோட்டாவில் வந்தவன்' என்று தலை குனிந்திருப்பானா? ஆதிக்கம் செய்கிறவனுக்குக் கிடைக்கும் ஒதுக்கீட்டுக்குப் பெயர் 'மெரிட்'. நமக்குக் கிடைத்தால் அது 'சலுகை'.

பதினைந்து வயது மார்க் ஒரு மனிதனின் எல்லையைச் சொல்லிவிடுமா? அம்பேத்கர் 1907இல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறினார். 750க்கு 282. இன்றைய ஐந்நூறுக்கு மாற்றினால் 188. சமஸ்கிருதம் படிக்க விரும்பியவரை விடாமல் பாரசீகத்துக்குத் தள்ளியது அன்றைய கல்வி. இன்று நம் நகரத்து ஆண்கள் பள்ளிக்கு அந்த மார்க் ஷீட்டோடு போயிருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். கல்லூரி வாசல் திறந்திருந்தது, பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைத்தது. கொலம்பியாவில் முனைவர், லண்டனில் டி.எஸ்ஸி. குறைந்த மார்க் எடுத்தவனெல்லாம் அம்பேத்கர் ஆவான் என்று சொல்ல வரவில்லை. வாசலில் நின்று மார்க் ஷீட்டை மட்டும் பார்க்கிறவனுக்கு அம்பேத்கரை அடையாளம் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

நம் பக்கமும் ஒரு வார்த்தை பேச வேண்டும். நம்மில் வேலைக்குப் போனவர்கள், ஆபீசரானவர்கள், முதலில் செய்யும் காரியம் தங்கள் பிள்ளையை அந்த ஃபிளக்ஸ் பள்ளியில் சேர்ப்பது. நான் குறை சொல்லமாட்டேன், தகப்பனுக்குத் தகப்பன் கவலை. ஆனால் சேர்த்த பிறகு 'என் பையன் மெரிட்ல போனான்' என்று மேடையில் பேசுகிறார்களே, அங்கேதான் சறுக்கல். தன் பிள்ளைக்கு ஒரு சீட்டு கிடைத்ததும் மற்றப் பதினேழு சீட்டு எங்கே என்று கேட்காதவர், அந்த வாசல்காரனுக்குத்தான் உதவி செய்கிறார். அதேபோல, 'நம்ம பசங்களுக்கு நம்ம பள்ளிக்கூடம் போதும்' என்பதும் ஏற்க முடியாத வாதம். கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஒரே வாத்தியார், பூட்டிக் கிடக்கும் ஆய்வகம், ஒழுகும் விடுதி: இதைச் சரிசெய்யாமல் பெருமை பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். நம் பள்ளியையும் மேலே கொண்டுவர வேண்டும், அந்தப் பள்ளியின் வாசலையும் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே போராட்டம்தான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஊர்வலமும் கோஷமும் இருக்கட்டும், முதலில் எண்களைக் கேட்டு வாங்குங்கள். அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் எந்த நிறுவனமும் 2005 தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும். பத்து ரூபாய் மனு, முப்பது நாளில் பதில் வர வேண்டும். உங்கள் நகரத்தில் உள்ள ஒவ்வொரு அரசு உதவி பெறும் ஆண்கள் பள்ளிக்கும் இந்தக் கேள்விகளை அனுப்புங்கள்:

இன்று பத்தாவது எழுதிய அணி ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது மொத்தம் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? ஒன்பதாம் வகுப்பில் டி.சி. வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர், சாதி வாரியாக? பதினோராம் வகுப்பில் ஒவ்வொரு குரூப்பிலும் சாதி வாரியாகச் சேர்க்கை எவ்வளவு? வொக்கேஷனலில் மட்டும் நம் எண்ணிக்கை பெருகியிருக்கிறதா? இட ஒதுக்கீட்டுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்களா, எந்தத் தேதியில்?

'அந்த விவரம் எங்களிடம் இல்லை' என்று பதில் வரும். விடாதீர்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு எமிஸ் எண் இருக்கிறது. அவன் எங்கே சேர்ந்தான், எப்போது விலகினான் என்பதெல்லாம் கல்வித்துறைக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. மேல்முறையீடு போடுங்கள். கிடைத்த பதில்களைத் தொகுத்து, அடுத்த மே மாதம் அந்த ஃபிளக்ஸுக்குப் பக்கத்திலேயே நாமும் ஒரு தட்டி வைப்போம். முகம் வேண்டாம், பெயர் வேண்டாம். சேர்ந்தவர் இத்தனை, எழுதியவர் இத்தனை, நடுவில் வெளியேற்றப்பட்டவர் இத்தனை, அதில் சேரிப் பிள்ளைகள் இத்தனை. நான்கு வரி போதும். ஊர் படிக்கட்டும்.