ஜெ, கே, பி, ஓ, அரைப்புள்ளி

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்துப் படித்துப் பயந்துபோன அவிநாசிக்கார முதலாளி ஒருவர், பழைய கம்ப்யூட்டர்களோடு சர்வரையும் மாற்றிவிடத் துணிந்தார். பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கும் அலுவலகம் அவருடையது. ஒரு பழைய பில்லிங் சாஃப்ட்வேர் புதியதில் ஓட மறுத்ததால், சர்வர் 2008 ஆர்2 ஒரு மூலையிலும் சர்வர் 2019 இன்னொரு மூலையிலுமாக இப்போது இரண்டும் ஓடுகின்றன. பத்திக்காரருக்கு இந்த வாரம் எரிச்சல் மூட்டியது அங்கே நடந்த கூத்துதான்.

அந்த அலுவலகத்தில் ரோமிங் ப்ரொஃபைல் போட்டிருக்கிறார்கள். யார் எந்த சர்வரில் லாக்-இன் செய்தாலும் அவரவர் டெஸ்க்டாப், அவரவர் ஷார்ட்கட், அவரவர் செட்டிங் கூடவே வர வேண்டும் என்பது ஏற்பாடு. உள்ளே வரும்போது பொது இடத்திலிருந்து ஒரு ஃபோல்டர் இறங்கும். வெளியேறும்போது திரும்ப ஏறும். காலையில் பழைய சர்வரில் பில் போட்ட அம்மணி மதியம் புதியதில் நுழைந்தால் வெறும் நீலத் திரை. “எம்பட ஃபைலெல்லாம் எங்கீங்க தம்பி?” “எங்கயும் போகலீங்க அக்கா, வி2-ல இருக்குதுங்க. இது வி6 பாருங்க.” சிஸ்டம் பார்க்க வந்த தம்பி சொன்னது சரிதான். ஆனால் அக்காவுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

எக்ஸ்பி காலத்தில் ப்ரொஃபைல் ஃபோல்டருக்கு ஆளின் பெயர் மட்டும் போதும். விஸ்டா வந்ததும் உள்ளமைப்பே மாறியதால் பெயருக்குப் பின்னால் வி2 ஒட்டிக்கொண்டது. 7-ம் 2008 ஆர்2-வும் அதிலேயே நின்றன. 8-க்கு வி3, 8.1-க்கு வி4, விண்டோஸ் 10-இன் தொடக்கப் பதிப்புகளுக்கு வி5, சர்வர் 2016-இலிருந்து வி6. 8 வெளிவந்தபோது அது வி2 ஃபோல்டரிலேயே போய் எழுதி, இரண்டு பக்கமும் குழம்பிய பிறகுதான் வி3-க்குத் தனித் திருத்தம் வந்தது. ஆகவே பெயருக்குப் பின்னால் இந்த வால் இருப்பது நல்லதுக்குத்தான். அந்த வாலால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுகிறார் என்பதுதான் தொல்லை.

அவிநாசிக்காரர்களுக்கு ப்ரொஃபைலை விளக்க வேறு எங்கும் போக வேண்டாம். அவிநாசியின் பழைய பெயரான திருப்புக்கொளியூரில் முதலை விழுங்கிய பிள்ளையை, ஆண்டுகள் கழித்து வந்த சுந்தரர் பதிகம் பாடி மீட்டார். பெரியபுராணக் கதைப்படி பிள்ளை விழுங்கப்பட்ட வயதில் திரும்பவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு கரையேறினான். ரோமிங் ப்ரொஃபைல் செய்ய வேண்டிய வேலை இதுதான். ஆனால் வி2-வில் போன ஃபோல்டர் வி6-இல் வளர்ந்து வருவதில்லை. வி6 புதிதாக ஒரு பிள்ளையைக் கொடுத்து ‘இவன்தான் உங்கள் மகன்’ என்கிறது.

இதற்கு வைத்தியம் உண்டு. டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் ப்ரொஃபைலை விட்டு வெளியே, பொதுவான ஒரு ஷேர் ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டால் எந்த வாலோடு நுழைந்தாலும் ஃபைல்கள் ஒன்றே. செட்டிங் மட்டும் சர்வருக்கு ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். தம்பி அன்று மாலையே அதைச் செய்துவிட்டார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஃபைல்கள் வந்தன, திறந்தால் தமிழ் வரவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் ‘ஆரம்பித்துவிட்டார்’ என்று பக்கத்தைப் புரட்டலாம். ஃபான்ட் புலம்பல் இங்கே புதிதல்ல. ஆனால் அந்த அலுவலகத்து ஜாப் ஒர்க் கடிதங்கள் எல்லாமே பாமினி ஃபான்ட்டில் அடித்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கம்ப்யூட்டர் சேமிப்பது ஜெ, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது ஃபான்ட். போர்வை இல்லாத சர்வரில் திறந்தால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும்.

சரி, ஆளின் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு திரியும் ப்ரொஃபைல், ஃபான்ட்டை ஏன் தூக்குவதில்லை? விண்டோஸில் ஃபான்ட் நெடுங்காலம் மெஷினின் சொத்து; ஆளின் சொத்து அல்ல. சிஸ்டம் ஃபோல்டரில் போட அட்மின் அனுமதி வேண்டும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில்தான் ஒருவர் தனக்கென்று மட்டும் ஃபான்ட் போட்டுக்கொள்ள வழி பிறந்தது. அதையும் எங்கே வைத்தார்கள்? ரோமிங் என்ற ஃபோல்டர் பக்கத்திலேயே இருக்க, லோக்கல் என்ற ஃபோல்டரில். லோக்கலில் இருப்பது எங்கும் பயணப்படாது. வால்பேப்பர் ஊர் சுற்றுகிறது, எழுத்து வீட்டில் கிடக்கிறது!

யூனிக்ஸ் பக்கம் இந்தக் கஷ்டம் இவ்வளவு இல்லை. சன் நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த என்எஃப்எஸ் முறையில் ஒருவரின் ஹோம் ஃபோல்டரை எந்த மெஷினிலும் மாட்டிக்கொள்ளலாம். லினக்ஸில் ஃபான்ட்டை அந்த ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்காமல். ஆள் போகும் இடமெல்லாம் எழுத்தும் போகும். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் தெரியாததும் அல்ல. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அரசு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011-இல் அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள் என்று கேட்டால் ஆசிரியர்கள் சிரிப்பார்கள்.

ஃபான்ட் விஷயத்தில் அரசு சும்மா இருக்கவுமில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி விசைப்பலகைக்குத் தமிழ்99, குறியீட்டுக்கு டாம், டாப் என்று தரம் நிர்ணயித்தார்கள். 2010 ஜூனில் செம்மொழி மாநாட்டுக்காகக் கோவையே திமிலோகப்பட்டதே, அந்தச் சமயத்தில்தான் யூனிகோடும் டேஸ்16-உம் அரசின் தரம் ஆயின. கொடீசியா வளாகத்திலிருந்து அவிநாசி ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. பாமினி மட்டும் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலும் டிடிபி சென்டரிலும் பழகிய விரல்கள் அரசாணையைப் படிப்பதில்லை.

யூனிகோட் வந்தால் எல்லாம் சரியாகும் என்பதும் பாதி உண்மைதான். விண்டோஸ் 2000-இலிருந்து கூடவே வந்த லதா ஃபான்ட், விண்டோஸ் 10-இல் கேட்டால் மட்டும் இறங்கும் கூடுதல் சரக்காகிவிட்டது. லதா இல்லாத மெஷின் நிர்மலா ஃபான்ட்டைக் கொண்டு ஒப்பேற்றும். வரி உடையும், பக்கம் கூடும். ஆனால் எழுத்து எழுத்தாகவே இருக்கும்; அந்த அளவில் பிழைத்தோம்.

பழைய கடிதங்களையெல்லாம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கிவிடலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் ஒரு பக்கத்தில் எது பாமினித் தமிழ், எது நிஜ ஆங்கிலம் என்று சாதாரண கன்வர்ட்டருக்குத் தெரியாது. இரண்டும் அதற்கு ஆங்கில எழுத்துகள்தான். பில் நம்பருக்கு முன்னால் ஆங்கிலத்தில் ஜிஎஸ்டி என்று அடித்திருந்தால் ஜி ‘பு’ ஆகும், எஸ் ‘ளு’ ஆகும், டி ‘வு’ ஆகும். கடிதத்துக்குக் கடிதம் ‘புளுவு’ என்று நிற்பதை ஒருவர் உட்கார்ந்து கையால்தான் திருத்த வேண்டும்.